தியோத்திரபின் சபை

“சாமி, என் மகள் இப்போது போய்வரும் அந்தச் சபை நல்ல சபைதானா?” என்னும் கேள்வி எந்தப் பங்குத்தந்தைக்கும் புதியதன்று. பெரும்பாலும் தாய்மாரே கேட்கின்றனர். திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்தபின், குரலைத் தாழ்த்திக் கேட்கின்றனர். ஆம், இல்லை என்னும் ஒற்றைச் சொல்லையே அவர்கள் எதிர்பார்க்கின்றனர். நம் முன்னோரிடம் அத்தகைய ஒற்றைச் சொல் ஒன்று இருந்தது. ‘பதிதர்’ என்பார்கள், கேள்வி அத்துடன் முடிந்துவிடும். 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி லூத்தரன் மறைப்பணியாளரை மறுத்து வீரமாமுனிவர் எழுதிய ‘லுத்தேரினத்தியல்பு’ போன்ற நூல்களின் உரைநடை மிடுக்கை இன்றும் வியக்கலாம். ஆயினும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டினை வெளியிட்ட பின்னர், அடுத்த தெருவில் வாழும் லூத்தரன் குடும்பத்தாரை அச்சொல்லால் அழைக்க நம்முள் எவருக்கும் நா எழாது. சொல் வழக்கொழிந்தது. கேள்வி மட்டும் அப்படியே நிற்கின்றது.

அக்கேள்விக்கு விடைதேட முயன்ற ஆவணங்களுள் முதன்மையானது, 1986ஆம் ஆண்டு மே மாதத்தில் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையாகும். பிரிவுக் குழுக்கள் அல்லது புதிய சமய இயக்கங்கள் மேய்ப்புப்பணிக்கு விடுக்கும் அறைகூவல் என்பது அதன் பொருள். கிறிஸ்தவ ஒன்றிப்புச் செயலகம், கிறிஸ்தவரல்லாதார் செயலகம், நம்பிக்கையற்றோர் செயலகம், பண்பாட்டுக்கான திருத்தந்தையின் அவை ஆகிய நான்கும் இணைந்து அதனை உருவாக்கின. 1984இல் உலகெங்கும் உள்ள ஆயர் பேரவைகளுக்கு வினாப்பட்டியல் அனுப்பப்பட்டது. வந்துசேர்ந்த ஏறத்தாழ 75 மறுமொழிகளின் தொகுப்பே இவ்வறிக்கை. இறுதித் தீர்ப்பு வழங்குவதாக அது தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. குருமடங்களில் இன்று அதனை வாசிப்போர் மிகச் சிலரே. வாசிக்கத் தகுந்தது அது. ஆனால் அதன் எப்பகுதியை நம்பி எப்பகுதியை ஐயத்தோடு அணுக வேண்டும் என்பதை அறிந்தே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், அது தரும் இலக்கணத்தைப் பார்ப்போம். கிறிஸ்தவப் பின்னணியில் தோன்றிய ஒரு குழுவைத் திருச்சபைகளிலிருந்து பிரித்தறிவது எவ்வாறு? அக்குழுவின் போதனை எங்கிருந்து ஊற்றெடுக்கின்றது எனப் பார்த்து அறியலாம் என்கிறது அறிக்கை. திருவிவிலியத்துக்கு மேலாக வேறொரு வெளிப்பாட்டு நூலையோ இறைவாக்குச் செய்திகளையோ வைத்திருப்பவை, அல்லது விவிலியத்தின் சில நூல்களைத் தள்ளிவிடுபவை, அவற்றின் பொருளை அடியோடு மாற்றுபவை ஆகியன பிரிவுக் குழுக்கள் எனக் கருதப்படலாம் என்பது அதன் பரிந்துரை. இறையியல் பயின்ற எவருக்கும் இது நியாயமாகவே தோன்றும். வெளிப்பாடு எங்கே முடிகின்றது என்பது அற்பமான வினா அன்று.

சில இடங்களில் இவ்வளவுகோல் நன்றாகவே வேலை செய்கின்றது. உகாண்டா நாட்டின் கனுங்கு என்னும் ஊரில் 2000ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று, பத்துக் கட்டளைகளை மீட்டெடுக்கும் இயக்கத்தைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் பூட்டப்பட்ட வழிபாட்டு இல்லத்தில் எரிந்து மாண்டனர். அவ்வியக்கம் கத்தோலிக்க மண்ணில் முளைத்தது. அதன் தலைவர்களுள் ஒருவர் குருவாக இருந்து விலக்கப்பட்டவர். அன்னை மரியா காட்சி தந்து செய்தி அருளினார் என்பதே அதன் அடித்தளம். விவிலியத்துக்கு மேலே ஒரு செய்தி நின்றது. அளவுகோலுக்கு அது உடனே அகப்பட்டிருக்கும்.

அளவுகோலுக்கு அகப்படாதவையே நம்மைத் தூங்கவிடாமல் செய்பவை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டில், ஜோன்ஸ்டவுன் என்னும் குடியிருப்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 918 பேர் இறந்தனர். அவர்களுள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். ஜிம் ஜோன்ஸ் 1950களில் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் தொடங்கிய ‘மக்கள் ஆலயம்’ என்னும் சபையின் முடிவு அது. அச்சபை தெருவோரத்தில் தானாக முளைத்த கூட்டம் அன்று. ‘கிறிஸ்துவின் சீடர்கள்’ என்னும், நெடிய மரபுடைய சீர்திருத்தச் சபையோடு முறைப்படி இணைந்திருந்தது. ஜோன்ஸ் அச்சபையின் அருள்பொழிவு பெற்றவர். இறுதிவரை அந்த இணைப்பு அறுபடவில்லை. பெயர்ப்பலகையைப் பார்த்து நம்பியவர்கள் ஏமாந்தனர். இதற்கும் மேலாக, அது நல்லதும் செய்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே இருக்கையில் அமர்ந்து வழிபடுவது அரிதாயிருந்த நாளில் அங்கே ஒன்றாய் அமர்ந்தனர். பசித்தோர் உணவருந்தினர், முதியோர் பராமரிக்கப்பட்டனர். மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தை வைத்து ஆய்வு செய்யச் சென்ற ஒருவர் மனநிறைவோடு திரும்பியிருப்பார். ஜோன்ஸ் விவிலியத்தை இகழத் தொடங்கியது உண்மையே. ஆயினும் அதற்குள் மக்கள் தம் வீட்டையும் ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் அவர் கையில் ஒப்படைத்துவிட்டிருந்தனர். போதனை மாறியதைக் கண்டறிந்த நேரத்தில் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

இன்னும் நெருங்கி வருவோம். நம் வீட்டுக்குள்ளேயே வருவோம். 1941இல் மெக்சிகோவில் மார்சியல் மசியேல் நிறுவிய ‘கிறிஸ்துவின் படைவீரர்’ சபையின் அமைப்புச் சட்டங்களுக்கு 1983இல் உரோமையின் இறுதி ஒப்புதல் கிடைத்தது. மேற்சொன்ன அறிக்கை வெளிவருவதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன்! அச்சபைக்கு வேறு விவிலியம் இல்லை. புதிய வெளிப்பாடு இல்லை. நம்பிக்கை அறிக்கையில் ஓர் எழுத்தும் பிறழவில்லை. குருத்துவ அழைத்தல்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. மசியேலின் குருத்துவ மணிவிழா 2004ஆம் ஆண்டு உரோமையில் சிறப்பாகக் கொண்டாடப்பட்டது. ஆனால் அச்சபையினர் எடுத்த வாக்குறுதிகளுக்கு அப்பால் தனிப்பட்ட வாக்குறுதி ஒன்றும் இருந்தது. தலைவரைக் குறைகூறுவதில்லை, குறைகூறுவோரைத் தலைவருக்குத் தெரிவிப்பது என்பது அதன் சாரம். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007இல் அதனை ஒழித்தார். அதற்கு முந்திய ஆண்டே மசியேல் பொதுப்பணி அனைத்தையும் துறந்து செபத்திலும் தவத்திலும் வாழுமாறு பணிக்கப்பட்டிருந்தார். 2008இல் அவர் இறந்தார். அவர் குறைந்தது 60 சிறார்களைச் சீரழித்தார் என்று 2019இல் அச்சபையே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. நேர்மையோடு சொல்ல வேண்டும்: அச்சபை கலைக்கப்படவில்லை; சீர்திருத்தப்பட்டு 2014இல் புதிய சட்டங்களைப் பெற்றது.

கலைக்கப்பட்டதும் ஒன்று உண்டு. 1971இல் பெரு நாட்டின் லீமா நகரில் லூயிஸ் பெர்னாண்டோ ஃபிகாரி தொடங்கிய ‘சொதாலீசியம்’ 1997இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. அதன் முன்னாள் உறுப்பினரான பேத்ரோ சாலினாஸ் என்னும் பத்திரிகையாளர், பாவோலா உகாஸ் என்பவரின் துணையோடு 2015இல் எழுதிய நூல் அதன் உள்ளறைகளைத் திறந்து காட்டியது. 2024இல் ஃபிகாரி வெளியேற்றப்பட்டார். 2025இல், திருத்தந்தை பிரான்சிஸ் காலமாவதற்குச் சற்றுமுன், அவ்வமைப்பே கலைக்கப்பட்டது. ஒப்புதல் பெற்று 28 ஆண்டுகள் கழித்து.

இவற்றை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? நம் திருச்சபையைத் தூற்றுவதற்காக அன்று. போதனையின் ஊற்றைக் கொண்டு அளக்கும் அளவுகோல், தவறான போதனையைத் தான் அளக்கிறது. சிறையை அளப்பதில்லை என்பதைக் காட்டவே. ஒரு சபையின் கோட்பாடு சரியா என்பது ஒரு வினா. அச்சபையில் ஒரு மனிதர் மனிதராக மூச்சுவிட முடிகின்றதா என்பது வேறொரு வினா. முதல் வினாவுக்குச் சரியான விடையளித்து இரண்டாவதில் தோற்ற சபைகள் உண்டு. முதலாவதில் நம்மோடு மாறுபட்டு இரண்டாவதில் நேர்மையாய் நிற்கும் சபைகளும் உண்டு. பெந்தகோஸ்து சபையார் அருட்சாதனங்களைப் பற்றியும் அன்னை மரியாவைப் பற்றியும் சொல்வதை நாம் ஏற்பதில்லை. எனினும் 1972 முதல் கத்தோலிக்கத் திருச்சபை அவர்களோடு பன்னாட்டு அளவில் உரையாடி வருகின்றது. உரையாடத் தகுந்தோரையெல்லாம் ‘கள்ளச்சபை’ என்னும் ஒரே சாக்கில் அள்ளிக் கட்டுவது சோம்பேறியின் இறையியல்.

விந்தை என்னவெனில், விவிலியமே இவ்விரு வினாக்களையும் பிரித்துப் பார்க்கின்றது. யோவானின் மூன்றாம் திருமுகத்தை ஞாயிறு திருப்பலியில் நாம் கேட்பதில்லை. பதினைந்து வசனமே கொண்ட அதனைத் தனியாக வாசிப்போரும் குறைவு. அதில் தியோத்திரபு என்றொருவன் வருகிறான். மற்ற திருமுகங்களில் கண்டிக்கப்படுவோர்மீது பெரும்பாலும் போதனைக் குற்றச்சாட்டு இருக்கும்: கிறிஸ்து ஊனுடலில் வந்ததை மறுத்தனர், உயிர்த்தெழுதல் முடிந்துவிட்டது என்றனர் என்பது போல. தியோத்திரபின் மீது அத்தகைய குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவன் முதலிடத்தை விரும்பினான். மூப்பரின் திருமுகத்தை ஏற்க மறுத்தான். வழிப்போக்கரான சகோதரர்களை ஏற்கவில்லை. ஏற்க விரும்பியோரைத் தடுத்தான். மீறியோரைச் சபையைவிட்டுத் தள்ளினான். வெளியிலிருந்து கடிதம் வரக்கூடாது, வெளியாள் வரக்கூடாது, கேட்பவன் உள்ளே இருக்கக்கூடாது. ஜோன்ஸ்டவுனில் கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன, கடவுச்சீட்டுகள் வாங்கி வைக்கப்பட்டன, ஒலிபெருக்கி வழியே இரவிலும் தலைவரின் குரல் ஒலித்தது என்று வாசிக்கும்போது, முதல் நூற்றாண்டின் அந்தச் சின்னஞ்சிறு சபை என் கண்முன் நிற்கின்றது. கருவிகள் மட்டுமே மாறியிருக்கின்றன.

ஏறத்தாழ அதே காலத்தைச் சார்ந்த ‘திதாக்கே’ என்னும் திருத்தூதர் போதனை நூலும் இவ்வழியே செல்கின்றது. 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு 1883இல் அச்சேறிய இச்சிறு நூல், ஊர் ஊராக வரும் இறைவாக்கினரை எளிய கிறிஸ்தவர்கள் சோதித்தறிய வழி சொல்கின்றது. வருபவர் ஒருநாள் தங்கலாம், தேவையெனில் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி. புறப்படும்போது அடுத்த ஊர்வரைக்குமான அப்பத்தைப் பெறலாம். பணம் கேட்டால் போலி. ஆவியால் ஏவப்பட்டு விருந்துக்கு ஆணையிட்டு, அவ்விருந்தைத் தானே உண்பவர் போலி. இல்லாதோருக்குக் கொடுக்கச் சொன்னால் அவரைத் தீர்ப்பிட வேண்டாம். எவ்வளவு நடைமுறை அறிவு! இவற்றுள் என்னை மிகவும் கவர்வது இன்னொன்று: உண்மையைப் போதித்தும் தான் போதிப்பதைச் செய்யாத இறைவாக்கினரும் போலியே என்கிறது அந்நூல். உண்மையைப் போதிப்பவரும் போலியாயிருக்கக்கூடும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். 1986ஆம் ஆண்டு அறிக்கை தன் இலக்கணத்தை வகுக்கும் இடத்தில் இந்த அறிவை மறந்துவிட்டது.

முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. பிரிவு மனப்பான்மை திருச்சபைகளுக்குள் இருக்கும் நம்பிக்கையாளர் குழுக்களிலும் காணப்படுகின்றது என்று அறிக்கை ஓரிடத்தில் சொல்லத்தான் செய்கின்றது. சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றது. ஆனால் ஆள்சேர்க்கும் உத்திகளைப் பட்டியலிடும் பகுதியில் அதன் கை தேர்ந்த கை. தொடக்கத்தில் அன்பு மழை, புகழுரை, இலவச உணவு. படிப்படியாகவே தெரியவரும் உண்மையான முகவரி. தலைவரிடம் நிபந்தனையற்ற சரணாகதி. குடும்பம், நண்பர், செய்தித்தாள், மருத்துவம் ஆகியவற்றிலிருந்து துண்டிப்பு. பழைய பாவங்களை விடாமல் கிளறுதல். ஒரு நொடியும் தனித்திருக்க விடாமல் வேலையில் அமிழ்த்துதல். இவற்றை எழுதியவர்கள் எங்கோ தொலைவில் இருக்கும் அந்நியக் குழுக்களை மனத்தில் கொண்டு எழுதினார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து வாசிக்கும் நாம், இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்புதல் பெற்ற துறவற இல்லம் ஒன்றின் படியேறலாம் என்பதை அறிந்திருக்கிறோம்.

பழைய பாவங்களைக் கிளறுதல் என்பதில் சற்று நின்று செல்ல வேண்டும். எல்லாவற்றினும் கூரிய ஆயுதம் இதுவே எனக் கருதுகிறேன். மக்கள் ஆலயத்தில் உறுப்பினர்கள் அனைவர் முன்னிலையிலும் தம் குற்றங்களை அறிக்கையிட நிற்க வைக்கப்பட்டனர். செய்யாத குற்றங்களைச் செய்ததாக எழுதிய தாள்களிலும் வெற்றுத் தாள்களிலும் கையொப்பம் வாங்கப்பட்டது. வெளியேற நினைத்தவரின் எதிரில் அத்தாள் நின்றது. மசியேலுக்கு எதிராக முன்னாள் உறுப்பினர்கள் 1998இல் உரோமையில் கொண்டுவந்த முறையீடும் இதைச் சார்ந்ததே. தன் பாவத்தில் சிக்கவைத்தவருக்குத் தானே பாவமன்னிப்பு வழங்கிய குற்றம் அது. திருச்சபைச் சட்டத்தின் மிகக் கடுமையான குற்றங்களுள் ஒன்று. ஒருவருடைய உள்ளத்தின் திறவுகோலும் அவருடைய உணவு, உறைவிடம், பணி, எதிர்காலம் ஆகியவற்றின் திறவுகோலும் ஒரே கையில் வந்து சேர்ந்துவிட்டால், அந்தக் கை யாருடையதாயினும், அங்கே சிறை எழும்பிவிட்டது.

திருச்சபை இதை நெடுங்காலமாகவே அறியும். நம் சட்டத் தொகுப்பை வறண்ட நூல் என்று எள்ளுவோர் உண்டு. குருமட நாள்களில் அதன் வகுப்பு பிற்பகலில் வைக்கப்படுவதும், மாணவர் தலை தாழ்வதும் வழக்கமே. ஆயினும் 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 630ஆம் சட்டத்தைப் பாருங்கள். துறவற இல்லத் தலைவர், உறுப்பினர் தாமாக முன்வந்து கேட்டாலன்றி, அவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலாகாது. தம் மனச்சான்றைத் தலைவரிடம் திறந்து காட்டுமாறு எவ்வகையிலும் அவர்களைத் தூண்டவும் கூடாது. 985ஆம் சட்டம் நவதுறவியர் பயிற்றுநருக்கும் குருமட அதிபருக்கும் இதே வேலியைப் போடுகின்றது. 240ஆம் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது: ஒரு மாணவருக்குக் குருப்பட்டம் அளிக்கலாமா, அவரை வெளியே அனுப்பலாமா என்று முடிவு செய்யும்போது, அவருடைய ஆன்ம குருவின் கருத்தையும் பாவசங்கீர்த்தனம் கேட்பவரின் கருத்தையும் ஒருபோதும் கேட்கக்கூடாது. ஆளுகின்ற கையும் மன்னிக்கின்ற கையும் தனித்தனியே இருக்க வேண்டும் என்பதே இவற்றின் உயிர். ஒரு சபையை, ஓர் இயக்கத்தை, ஒரு செபக்குழுவை எடைபோட விரும்பும் பொதுநிலையினர் இறையியல் நூல்களைப் புரட்ட வேண்டிய தேவையில்லை. இவ்வொரு வினாவைக் கேட்டாலே போதும்: இங்கே நான் யாரிடம் மனம் திறக்கிறேனோ, அவரே என் திருமணத்தையும் வேலையையும் பணத்தையும் பற்றி முடிவு செய்கிறாரா?

இதையடுத்து, விலகிச் சென்றோரைப் பற்றி அச்சபையில் எவ்வாறு பேசுகின்றனர் என்பதையும் கவனிக்கலாம். எந்தச் சபையிலிருந்தும் மக்கள் விலகுவர், நம்மிடமிருந்தும் விலகுகின்றனர். வருத்தத்தோடு பேசுவது இயல்பு. விலகியவருக்கு நேர்ந்த விபத்தையும் நோயையும் சாட்சியாகச் சொல்லி மகிழும் சபையைக் கண்டால் எச்சரிக்கை தேவை. பணக்கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்று சொல்லும் இடத்தில் கணக்கு இல்லை என்பதே பொருள். ஆனால் இவ்விரலை வெளியே நீட்டுமுன் 537ஆம் சட்டமும் 1287ஆம் சட்டமும் நமக்கே எழுதப்பட்டவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும். மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும். கட்டடம் முடிந்து திறப்புவிழாவும் நடந்துவிட்ட பங்குகளில் வரவு செலவு ஏடு எங்கே என்று கேட்டால் முகம் சிவக்கும் குருக்களும் இல்லாமலில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மரத்தை அதன் கனியால் அறியலாம் என்று ஆண்டவரே சொன்னாரே, பெருகும் கூட்டமும் குணமாகும் நோயாளிகளும் கனிகள் அல்லவா? கனி என்னும் சொல்லை எண்ணிக்கை என்று பொருள்கொண்டால் மசியேல் பெரும் தோட்டக்காரர்தான். பவுலடியார் கலாத்தியருக்கு எழுதும்போது தூய ஆவியின் கனிகளாகக் கூறுபவற்றுள் எண்ணிக்கை இடம்பெறவில்லை. கனிவும் தன்னடக்கமும் இடம்பெறுகின்றன. இவை கூட்டத்தில் தெரிபவை அல்ல. எளியோர் ஒருவர் தலைவரை மறுத்துப் பேசும் வேளையில், அத்தலைவரின் முகத்தில் தெரிபவை.

நல்ல கூட்டுறவு எப்படியிருக்கும் என்பதற்கும் நம் காலம் ஒரு சான்று தந்துள்ளது. அது துயரமான சான்று. மனவளர்ச்சி குன்றியோரும் பிறரும் ஒரே வீட்டில் நண்பராய் வாழும் ‘லார்ஷ்’ இல்லங்களை 1964இல் பிரான்சில் தொடங்கியவர் ஜீன் வானியே. வாழும் புனிதர் என்று உலகம் அவரைப் போற்றியது. அவர் 2019இல் இறந்தார். அவர் மேல் எழுந்த ஐயங்களை விசாரிக்க வெளியாரை நியமித்தது லார்ஷ் தலைமையே. அவர் ஆன்மிக வழிகாட்டல் என்னும் பெயரில் பெண்களைச் சீரழித்தார் என்ற முடிவை 2020இல் வெளியிட்டதும் அத்தலைமையே. பின்னர் அறிஞர் குழுவொன்றை அமைத்து, 2023இல் இன்னும் விரிந்த அறிக்கையை வெளியிட்டது. பாதிக்கப்பட்டோர் குறைந்தது 25 பெண்கள் என அது கூறியது. தம் நிறுவனரின் படத்தைத் தம் கையாலேயே சுவரிலிருந்து இறக்கும் துணிவு அச்சமூகத்துக்கு இருந்தது. இல்லங்கள் மூடப்படவில்லை, அங்கே இன்றும் எளியோர் வாழ்கின்றனர். நிறுவனர் பாவி என்பதால் மட்டும் ஒரு சமூகம் சிறையாகிவிடுவதில்லை. நிறுவனரின் பாவத்தைச் சொல்ல முடியாத சமூகமே சிறையாகின்றது.

அறிக்கையின் மிகச் சிறந்த பகுதியை இறுதியில் எடுத்துக்கொள்கிறேன். அதுவே நம்மை அதிகம் சுடும் பகுதி. மக்கள் ஏன் அக்குழுக்களை நாடுகின்றனர் என்று கேட்டு, அது ஒன்பது தேவைகளை எடுத்துரைக்கின்றது: ஒரு குடும்பத்தில் சேர்ந்திருக்கும் உணர்வு, வினாக்களுக்கு விடை, முழுமையான நலம், பண்பாட்டு அடையாளம், தனி மனிதராக மதிக்கப்படுதல், மேலானவற்றின் மீது தாகம், ஆன்மிக வழிகாட்டல், எதிர்காலம் பற்றிய நோக்கு, பங்கேற்பு. இவற்றுள் தவறான ஆசை ஒன்றேனும் உண்டா? மந்தையை விட்டுப் போனவர்களின் குறை என்னவென்று கேட்காமல், அவர்களின் பசி என்னவென்று கேட்டது இவ்வறிக்கையின் பெருமை. மரபான பங்கு அமைப்பையே மறுபரிசீலனை செய்து, மனித அளவுக்குப் பொருந்தும் சகோதரத்துவச் சமூகங்களை உருவாக்க வேண்டும் என்றும் அது கேட்டுக்கொண்டது. நம் மறைமாவட்டங்களில் அன்பியங்கள் வேரூன்றியது இத்தகைய தேடலின் விளைவே.

ஆயினும் அன்பியக் கூட்டம் எவ்வாறு நடக்கின்றது? முறை வைத்து வீடு மாறுகின்றது, அச்சிட்ட தாளிலிருந்து ஒருவர் வாசிக்கின்றார், தேநீர் வருகின்றது, திருவிழா வரிக்கான அறிவிப்போடு முடிகின்றது. அந்த வட்டத்தில் வேலையிழந்த இளைஞன் தன் நிலையைச் சொல்ல இடமுண்டா? குழந்தையில்லாத பெண் புறணிக்கு அஞ்சாமல் அழ முடியுமா? பெரிய பங்கில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தும் தன் பெயரைப் பங்குத்தந்தை அறியார் என்பவர், பெயர்சொல்லி அழைத்துத் தலையில் கைவைத்துச் செபிக்கும் முதல் இடத்துக்குப் போவதில் வியப்பில்லை. அங்கே அன்பு தூண்டிலாக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். இரண்டும் முதல் மாதத்தில் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு தெரிவது, அவர் முதன்முறை “இல்லை” என்று சொல்லும் நாளில்.

ஆகவே கேள்வி கேட்கும் அன்னையருக்கு நான் சொல்வது, மகளை இழுத்துவராதீர்கள் என்பதே. “வீட்டார் உன்னைத் துன்புறுத்துவர், அதுவே உன் சிலுவை” என்று அங்கே முன்னதாகவே சொல்லி வைத்திருந்தால், நம் கோபம் அவர்களின் இறைவாக்கை நிறைவேற்றிவிடும். கோட்பாட்டு வாதமும் இப்போது வேண்டாம். அந்தச் சபையில் அவள் யாரிடம் மறுத்துப் பேசலாம், ஒரு ஞாயிறு போகாவிட்டால் என்ன சொல்வார்கள், காணிக்கை எங்கே போகின்றது, விலகியவர்களோடு அவள் பேசலாமா என்று கனிவோடு கேளுங்கள். விடைகள் நேர்மையாயிருந்தால், நம் வருத்தம் கோட்பாட்டு வருத்தமாகவே இருக்கட்டும். அதற்காகச் செபிப்போம், உரையாடுவோம். விடைகள் அச்சத்தோடு வந்தால் விழிப்பாயிருங்கள். உங்கள் வீட்டுக் கதவை மட்டும் எந்த நாளும் சாத்தாதீர்கள்.

ஏனெனில் வெளியேறி வருபவர் வரும் நேரத்தை நாம் தீர்மானிக்க முடியாது. அவர் வரும்போது சொல்வது நம்பத்தகாததாகவும் இருக்கும். டெபோரா லேட்டன் என்னும் இளம்பெண் 1978 மே மாதத்தில் ஜோன்ஸ்டவுனிலிருந்து தப்பி வந்தார். அங்கே கூட்டுத் தற்கொலைக்கு ஒத்திகை நடக்கின்றது என்று ஜூன் மாதத்தில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவர் பொய் சொல்கிறார் என்றது சபை. அரசு அலுவலர்கள் பெரிதாக அசையவில்லை. உறவினர்களின் முறையீட்டைக் கேட்டு நேரில் சென்ற நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன், தம்மோடு வெளியேற விரும்பிய சிலரை அழைத்துக்கொண்டு வானூர்தித் தளத்துக்கு வந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். பத்திரம் கையொப்பமிடப்பட்டு அப்போது ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. மசியேலைப் பற்றி 1998இல் உரோமைக்கு முறையிட்டவர்கள் காத்திருந்தது எட்டு ஆண்டுகள்.